லியோ ஃபெண்டர்

மின்சாரக் கித்தாரை அறியாத மாணாக்கர் இக்காலத்து அரியர். விழா மேடையில் அதனை வாசிப்போனைப் பலரும் உற்று நோக்குவர். அவன் கையிலுள்ள வாத்தியத்தின் பெயரையும் சிலர் கேட்டறிவர். அவனுக்குப் பின்னே தரைமீது வைக்கப்பட்டிருக்கும் பெட்டியையோ ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், தேர்ந்த வாசிப்பாளர் இருவர் ஓரிடத்துச் சந்திப்பராயின், அவர்தம் உரையாடல் கித்தாரைக் காட்டிலும் அப்பெட்டியைக் குறித்தே நெடிது செல்லும். அஃது எந்த ஆண்டிற் செய்யப்பட்டது, எவ்வகை வால்வுகள் அதனுள் அமைந்தன, மின்சுற்று எந்த வரைபடத்தைத் தழுவியது என்றெல்லாம் நகைக்கு மாற்றுப் பார்ப்பவரைப்போல ஆராய்வர். அறுபது ஆண்டு கடந்த பழம் பெட்டியொன்றுக்குப் புதிய மோட்டார் வண்டியின் விலையைக் கொடுக்கவும் அவருட் சிலர் பின்வாங்கார். புறத்தே நின்று காண்பார்க்கு இது பித்தெனவே தோன்றும். இப்பித்தின் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், கித்தாரில் ஒரு பாட்டைத்தானும் வாசிக்க அறியாத ஒரு மனிதரிடத்துப் போய்ச் சேர்வோம். அவர்தாம் லியோ ஃபெண்டர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாகாணத்தில், அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊர்களை அடுத்து, அவருடைய பெற்றோர் ஓர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பயிர் செய்து வந்தனர். அங்கே 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட முழுப்பெயர் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது. எட்டாம் வயதில் அவருக்குக் கண்ணிற் கட்டி ஒன்று தோன்றவே, இடக்கண்ணை எடுத்துவிட நேர்ந்தது. அது முதல் ஆயுள் முழுதும் கண்ணாடிக் கண்ணே பூண்டிருந்தார். இளமையில் பியானோவும் பின்னர்ச் சாக்ஸபோன் என்னும் ஊதுகருவியும் சிறிது பயின்றாரெனினும், இசை அவர் கையில் நிலைக்கவில்லை.

அவர் உள்ளத்தை ஈர்த்தது வேறொன்று. பதின்மூன்று, பதினான்கு வயதளவில், மோட்டார் வண்டிகளின் மின்சார வேலைகளுக்கெனக் கடை வைத்திருந்த அவருடைய மாமன், வேண்டாத ரேடியோ உறுப்புக்களையும் ஒரு பாட்டரியையும் பெட்டியிலிட்டு அவருக்கு அனுப்பினார். பின்னர் ஸாண்டா மரியா என்னும் ஊரிலிருந்த அக்கடைக்குச் சிறுவர் சென்றபோது, மாமன் தம் கையாலேயே செய்து கடைமுகப்பில் வைத்திருந்த ரேடியோவிலிருந்து பேரோசையுடன் சங்கீதம் எழுந்து தெருவை நிறைப்பதைக் கண்டார். அவ்வோசை தம் நெஞ்சிற் பதிந்து பின்னர் என்றும் அகலவில்லை என்று முதுமையிலும் அவர் கூறுவதுண்டாம். வாசிப்போரைக் கண்டு மயங்கும் சிறுவர் பலர். அவ்விசையை ஏந்தி வந்த பெட்டியைக் கண்டு மயங்கியவர் இவர்.

1928-ஆம் ஆண்டு ஃபுல்லர்ட்டன் உயர்தரப் பாடசாலையில் தேறி, அவ்வூர் இளங்கல்லூரியிற் புகுந்து, கணக்குப்பதிவு நூலைப் பாடமாக எடுத்துக்கொண்டார். மின்னியலில் அவர் எக்கல்லூரியிலும் பாடங் கேட்டவரல்லர் என்பதை நம் விஞ்ஞானப் பிரிவு மாணாக்கர் ஒரு கணம் நின்று கருதுவாராக. கல்லூரி விட்டபின், பனிக்கட்டி விற்கும் கம்பெனியொன்றில் வண்டியோடு சென்று சரக்குக் கொடுக்கும் வேலையும், பின்பு கணக்கெழுதும் வேலையும் பார்த்தார். அக்காலத்திலேயே உள்ளூர் வாத்தியக் கோஷ்டித் தலைவரொருவர் நடன அரங்குகளுக்குரிய ஒலிபெருக்கிச் சாதனங்கள் ஆறு செய்து தருமாறு கேட்க, அவற்றைச் செய்து கொடுத்தார். 1934-இல் எஸ்தர் கிளாஸ்கி என்னும் நங்கையை மணந்தார். மாகாணத்து நெடுஞ்சாலை இலாகாவிற் கிடைத்த கணக்கர் வேலை, உலகெங்கும் வியாபாரம் நலிந்த அக்காலத்தில் எடுபட்டுப் போயிற்று; அடுத்துச் சேர்ந்த டயர்க் கம்பெனியின் வேலையும் ஆறே மாதத்தில் நீங்கிற்று. உத்தியோகம் இருமுறை கைநழுவிய பின்னரே, 1938-இல், அறுநூறு டாலர் கடன் வாங்கி, தம் ஊரில் ரேடியோ பழுது பார்க்கும் கடையொன்றைத் திறந்தார்.

இக்கடையே அவருக்குக் கல்லூரியாயிற்று எனலாம். ரேடியோக்களும் கிராமபோன்களும் மட்டுமின்றி, சுற்றுவட்டாரத்து வாத்தியக்காரர் தம் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் அங்கே கொணர்ந்தனர். கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருளொன்று மின்னலையாக மாற்ற, அம்மெல்லிய அலையைப் பன்மடங்கு பெருக்கி ஸ்பீக்கரை அதிரச் செய்வதே அப்பெட்டியின் தொழில். இரவெல்லாம் நடன அரங்கில் முழங்கி, விடியற்காலையில் லாரியின் பின்புறத்திற் குலுங்கிச் செல்லும் பொருள் அது. எந்த மூலையிற் பற்றுவைப்பு விடும், எந்த உறுப்பு வெப்பத்தால் வெடிக்கும், எந்தத் திருகாணி தளரும் என்பதை அவற்றைத் திறந்து பார்த்தே அவர் அறிந்தார். புதிதாகச் செய்வோர் பலர் பொருள் நன்றாயிருக்கும் நாளையே எண்ணிச் செய்வர். ஃபெண்டரோ அது கெட்டுப்போகும் நாளை முன்னரே எண்ணிச் செய்தார். அவர் பிற்காலத்திற் செய்தவற்றிலெல்லாம் இக்குணம் காணலாம்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது, கண்ணாடிக் கண்ணுடைய காரணத்தாற் சேனையிற் சேர்க்கப்படாமல் ஊரிலேயே தங்கினார். இளமையில் நேர்ந்த இழப்பு இவ்வகையில் அவரைத் தம் பட்டறையோடு பிணித்துவைத்தது. அந்நாளில் டாக் காஃப்மன் என்னும் வாத்தியக்காரர் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். மடியிற் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிக்கும் ஹவாய்க் கித்தாரையும் அதற்கேற்ற சிறு ஒலிபெருக்கியையும் சேர்த்து, 1945 முதல் இருவரும் விற்று வந்தனர். அடுப்பிலிட்டு வர்ணம் உலர்த்தி, நள்ளிரவு வரையிற் கடையின் பின்புறத்தில் வேலை செய்தனர். காஃப்மனோ கடனுக்கு அஞ்சும் இயல்பினர், 1946-இல் விலகிக்கொண்டார். தம் பங்குக்கு ஈடாகச் சிறு துளையழுத்த யந்திரமொன்றையே அவர் பெற்றுச் சென்றார் என்பர். பின்னர் இருவரும் நண்பராகவே வாழ்ந்தனர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. ஃபெண்டர் தனித்து நின்று, ஃபெண்டர் மின்சார வாத்தியக் கம்பெனி என்னும் பெயரால் தொழிலை நடத்தலானார்.

அவர் செய்த பெட்டிகளின் உள்ளமைப்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; அதனை அறியாதார்க்குப் பிற்காலத்து ஆர்வம் விளங்காது. வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். அதனுள்ளே சிறு கம்பி பழுக்கக் காய்ந்து ஓர் உலோகக் குழாயைச் சூடேற்ற, அக்குழாயினின்று மின்னணுக்கள் கிளம்பி, மிக்க அழுத்தமுள்ள வேறொரு தகட்டை நோக்கிப் பாயும். இடையே வலைபோன்ற ஒரு கம்பிச்சுற்று உண்டு. கித்தாரிலிருந்து வரும் மெல்லலை அவ்வலையிற் படவே, வாய்க்காலின் மடையைச் சிறுவனொருவன் ஏற்றியிறக்கிப் பெருவெள்ளத்தை ஆள்வதுபோல, அச்சிற்றலை பெருமின்னோட்டத்தை ஆளும். ஓட்டம் அளவிற்குள் இருக்குங்கால் ஒலி தெளிவாயிருக்கும். அளவைக் கடந்து வாசிப்போமாயின், வால்வு அலையின் உச்சியைக் கத்தியால் வெட்டினாற்போல் வெட்டுவதில்லை. மெல்ல வளைத்து மழுக்குகிறது. அப்பொழுது மூலச் சுருதியோடு அதன் மேற்சுருதிகளும் கூடி எழ, ஒலி தடித்து, மனிதர் தொண்டை கம்மிப் பாடுவதை ஒத்துவிடும். பழம் பெட்டிகள் பலவற்றில் மின்னோட்டத்தைத் திருத்தித் தருவதும் ஒரு வால்வே. கம்பியை ஓங்கி மீட்டிய கணத்தில் அதன் அழுத்தம் சற்றே தாழ்ந்து மீண்டும் நிமிரும். பெட்டி மூச்சு விடுகிறது என்று வாசிப்போர் சொல்வது இதனையே. மெல்லத் தொட்டால் தெளிவும், அழுத்தித் தொட்டால் கம்மலும் ஒரே பெட்டியிற் பெறுதல் இதனாற் கூடுவதாயிற்று.

இம்மின்சுற்றுக்களை ஃபெண்டரே கண்டுபிடித்தார் என்று சொல்லுதல் பொருந்தாது. வால்வு செய்யும் கம்பெனிகள் தத்தம் வால்வுகளுக்கேற்ற சுற்றுக்களை அச்சிட்டே வெளியிட்டு வந்தன. அவற்றிலிருந்து எடுத்தவை பல. அவர் திறமை வேறிடத்தது. உறுப்புக்களையெல்லாம் ஒரு நாரட்டையின்மேல் வரிசையாக அமைத்தார். எது பழுதுற்றாலும் அதனை மட்டும் எடுத்து மாற்றலாம். வால்வுகள் பெட்டியின் பின்புறத்தே கைக்கெட்டுமாறு தலைகீழாய்த் தொங்கின. எந்தக் குழியில் எவ்வால்வு செருக வேண்டும் என்னும் அட்டவணையைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்தார். தொடக்கத்தில் மரத்தின் நிறமே தோன்ற விடப்பட்ட பெட்டிகளை, 1940-களின் இறுதி முதல் பிரயாணப் பெட்டிகளுக்குப் போர்த்தும் தடித்த துணியால் மூடினார். அதன் பெயரைக்கொண்டே அவை ட்வீட் பெட்டிகள் என்று இன்றும் வழங்கும். சிற்றூர்க் கடைக்காரனும் ஒரு சூட்டுக்கோலும் சிறிது ஈயமும் கொண்டு செப்பனிடத் தக்கவையாதலின், எழுபது ஆண்டு கடந்தும் அவற்றுட் பல இன்னும் பாடுகின்றன.

அக்கம்பெனியிற் பற்றுவைப்பு வேலை செய்தோருட் பெரும்பாலார் பெண்டிர். அவருள்ளும் மெக்ஸிக மரபினர் பலர். தாம் முடித்த பெட்டியின் உட்புறத்தே சிறு காகிதப் பட்டையொன்றில் தம் பெயரை எழுதி ஒட்டுவது அவர் வழக்கம். இன்று ஒரு பழம் பெட்டியைத் திறக்கும் வாசிப்பாளன் முதலில் தேடுவது அப்பட்டையையே. அப்பெண்களின் கதையை எவரேனும் முழுதும் எழுதுவராயின் இப்புகழுரை மேலும் நேர்மையுடையதாகும்.

தாம் வாசிக்க அறியாமையை ஃபெண்டர் ஒரு குறையாக மறைத்ததில்லை. அதனாலேயே வாசிப்போர் சொல்லுக்குச் செவி கொடுத்தார். புதிய பெட்டியோ கித்தாரோ முடிந்தவுடன் அதனை நடன அரங்குகளில் வாசிக்கும் தொழில்முறை வாத்தியக்காரரிடம் கொடுத்தனுப்பி, அவர் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்தி, மறுபடியும் அனுப்புவார். அதிகம் பேசாதவர்; நாணமுடையவர்; பட்டறை மேசையை விட்டுப் பிரிய விரும்பாதவர். மேற்கத்திய நாட்டுப்புற இசை வாசிப்போரே அவருக்கு நெருங்கிய நண்பர். 1950-இல் அவர் வெளியிட்ட, மரக்கட்டையாலாகிய மின்சாரக் கித்தார், பெயர்த் தகராறொன்றின் காரணமாக 1951-இல் டெலிகாஸ்டர் எனப்பெற்றது. அதன் கழுத்தை மரையாணியாற் பொருத்தியதும் பழுது நேர்ந்தால் எளிதிற் கழற்றி மாற்றுதற்கே. அதே 1951-இல் தாழ்சுருதி மின்சாரக் கித்தாரும், 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்பதும் வந்தன. கித்தார்களைப் பற்றிப் பலரும் எழுதியிருத்தலின் இங்கே விரிக்கவில்லை.

ஒலிபெருக்கியில் அவர் நாடியது தெளிவு ஒன்றே. மீட்டிய ஒலி கம்மாமல், உடையாமல், மீட்டியவாறே பெருகிக் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆண்டுதோறும் மின்சுற்றைத் திருத்தியதும், மின்மாற்றியைப் பெரிதாக்கியதும், ஸ்பீக்கர்களை மாற்றியதும் ஒலி உடைதலைத் தள்ளிப்போடுதற்கே. வாசிப்போரோ, பெட்டியின் திருகை இறுதிவரை முடுக்கி, அவர் தவிர்க்க முயன்ற அந்த உடைதலையே விரும்பி நாடலாயினர். வாழ்நாள் முழுதும் ஒருவர் எதனை நீக்கப் பாடுபட்டாரோ அதற்காகவே அவர் பெட்டிகள் போற்றப்பட்டன. இதனை அவர் ஒருபோதும் மனமார ஒப்பினதாகத் தெரியவில்லை.

இம்முரணுக்குச் சிறந்த சான்று பாஸ்மன் என்னும் பெட்டி. தாழ்சுருதிக் கித்தாருக்கென்றே அவர் அதனைச் செய்தார். 1950-களின் பிற்பகுதியில், பத்தங்குல ஸ்பீக்கர்கள் நான்கு கொண்டு அஃது உருவானபோது, தாழ்சுருதிக்குப் போதாததாகவும், சாதாரணக் கித்தாருக்கு ஒப்பற்றதாகவும் விளங்கிற்று. வாசிப்போர் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். 1960-களின் தொடக்கத்தில், லண்டன் மாநகரின் மேற்கே ஹான்வெல் என்னுமிடத்தில் முரசுக்கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்பவரிடம், அமெரிக்கப் பெட்டிகள் விலை மிக்கனவாயிருக்கின்றன என்று வாசிப்போர் முறையிட்டனர். அவருடைய கடையினர் ஒரு பாஸ்மன் பெட்டியைத் திறந்து, அதன் சுற்றை அப்படியே பின்பற்றி, தம் நாட்டில் கிடைத்த வால்வுகளையும் உறுப்புக்களையும் இட்டு ஒன்றைச் செய்தனர். உறுப்புக்கள் மாறியதால் ஒலியும் மாறிற்று. அம்மாற்றமே ஆங்கில நாட்டு இளைஞர் இசைக்கு ஒரு தனிக் குரலை அளித்தது. ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு குலங்கள் கிளைத்தன.

மற்றொரு நிகழ்ச்சி. கலிபோர்னியாக் கடற்கரையில் பால்போவா என்னுமிடத்துப் பெரிய நடன அரங்கில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், டிக் டேல் என்னும் இடக்கை வாசிப்பாளர் ஆயிரக்கணக்கான இளைஞர் திரண்ட கூட்டத்துக்கு வாசித்து வந்தார். ஃபெண்டர் கொடுத்த பெட்டிகள் அவர் கையில் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன, ஸ்பீக்கர்கள் கிழிந்தன. தம் பட்டறையில் நன்றாகவே வேலை செய்யும் பெட்டி அங்கே ஏன் தோற்கின்றதென்பது ஃபெண்டருக்கு விளங்கவில்லை. முடிவில் தம் துணைவரான ஃப்ரெடி டவாரெஸ் என்பவரோடு அரங்கிற்கே நேரிற் சென்று, கூட்டத்தின் நடுவே நின்று கேட்டார் என்பர். அத்துணை மனித உடல்களும் ஒலியைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்வதை அங்கேதான் உணர்ந்தாராம். பெரிய மின்மாற்றியும் பதினைந்தங்குல ஸ்பீக்கரும் கொண்ட ஷோமன் என்னும் வலிய பெட்டி இவ்வாறு பிறந்தது. எரிந்த பெட்டிகளைக் கண்டு வாசிப்போனைக் குறைகூறியிருக்கலாம். வேறு வியாபாரியாயின் அதுவே நிகழ்ந்திருக்கும்.

இவ்வாறு தொழில் வளர, நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைகள் பல எழுந்தன. ஆனால் அவருடைய உடல் நலிந்தது. 1950-களிலேயே மூக்கையடுத்த எலும்பறைகளிற் கிருமிநோய் பற்றி, ஆண்டுக்கணக்காக நீங்காதிருந்தது. தம் வாழ்நாள் அதிகமில்லை என்று அவர் நம்பினார். தமக்குப்பின் தொழிலாளரும் குடும்பமும் தத்தளிக்கலாகாது என்று கருதிக் கம்பெனியை விற்க முடிவு செய்தார். 1965-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்காவின் பெரிய ஒலிபரப்பு நிறுவனமாகிய கொலம்பியா அதனை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டில் அதே நிறுவனம் நியூயார்க் நகரத்துப் புகழ்பெற்ற பந்தாட்டக் குழுவின் எண்பது சதவீதத்தை வாங்கக் கொடுத்த தொகை 1 கோடியே 12 லட்சம் டாலரே என்றால், ரேடியோ பழுது பார்த்த கடையின் மதிப்பு எவ்வளவு உயர்ந்ததென அறியலாம்.

விற்று முடிந்த சின்னாட்களில், வேறொரு வைத்தியரிடம் சென்றார். நோய் நீங்கிற்று. இறக்கப் போவதாக எண்ணித் தம் பெயரையே விற்றுவிட்ட மனிதர், ஐம்பத்தைந்து வயதில், பூரண ஆரோக்கியத்தோடு, செய்வதற்கு வேலையின்றி நின்றார். பத்தாண்டுக் காலம் போட்டியாகத் தொழில் நடத்தலாகாது என்பது உடன்படிக்கை. தம் பெயர் பொறித்த பெட்டிகள் தாம் இன்றியே ஆலையினின்று வெளிவருவதை, அருகிலிருந்து ஆலோசனை கூறுபவராக மட்டும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டுகளில் அவர் மனம் என்ன பாடுபட்டதென்று எழுத எமக்குத் துணிவில்லை.

புதிய உரிமையாளர், காலத்துக்கேற்ப, வால்வுகளை நீக்கி டிரான்ஸிஸ்டர் அமைந்த பெட்டிகளை 1966-இல் வெளியிட்டனர். ஆலையை நெடுங்காலம் நடத்திய ஃபாரஸ்ட் வைட் என்பவர், அவற்றிற்கு ஒப்புதல் அளிக்க மறுத்து, அவ்வாண்டின் இறுதியில் வேலையைத் துறந்தார். அப்பெட்டிகள் வெப்பத்தாற் கெட்டன. அளவு கடந்து வாசித்தால் ஒலி வளையாமற் கரகரத்தது. சில ஆண்டுகளிலேயே அவை கைவிடப்பட்டன. வால்வுப் பெட்டிகளிலுங்கூடச் சிக்கனங்கருதிய மாறுதல்கள் புகுந்தன. அப்பொழுதுதான் வாசிப்போர், 1965-க்கு முன் செய்தவை, பின் செய்தவை என்று இருவகையாகப் பிரித்துப் பேசத் தொடங்கினர். நேர்மையாகச் சொல்லின், முன்னவற்றுட் சுமாரானவையும் உண்டு, பின்னவற்றுள் மிக நல்லனவும் உண்டு. எனினும், செய்தவரின் கண் மேலிருந்த காலம், அது நீங்கிய காலம் என்னும் பிரிவினை ஒருமுறை மனத்தில் வேரூன்றிய பின், எளிதில் அகலுவதில்லை.

அவ்வேக்கத்திலிருந்தே தனித்துச் சில பெட்டிகளைக் கையாற் செய்யும் கைவினைஞர் தோன்றினர். கலிபோர்னியாவில் ராண்டால் ஸ்மித் என்பவர், ஃபெண்டரின் பிரின்ஸ்டன் என்னும் சிறு பெட்டியினுள் பாஸ்மன் சுற்றையும் பெரிய ஸ்பீக்கரையும் நுழைத்து, சிறியதொன்று பெருங்குரல் எழுப்புமாறு செய்தார். அதினின்று மேசா பூகி என்னும் கம்பெனி வளர்ந்தது. அதே மாகாணத்தவராகிய ஹோவர்ட் டம்பிள் என்பவரும் ஃபெண்டர் பெட்டிகளைத் திருத்துவதிலேயே தொடங்கினார். பின்னர் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு வாசிப்பாளரின் கைக்கென்றே அளவெடுத்தாற்போலச் செய்து, பிறர் காணாதபடி உள்ளுறுப்புக்களைப் பிசினிட்டு மூடினார். தாம் விரும்பியவர்க்கன்றிச் செய்து கொடார். அவர் 2022-இற் காலமானார். அவர் செய்தவை சில நூறே. அவற்றுள் ஒன்றை லட்சம் டாலருக்கு மேலும் கொடுத்து வாங்குவோர் உளர். இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை எண்ணாமலிருக்க முடியவில்லை. டம்பிள் தம் சுற்றைப் பிசினால் மறைத்தார். ஃபெண்டரோ எவரும் செப்பனிடுமாறு, அட்டவணையையே உள்ளே ஒட்டிவைத்தார். இருவரையும் ஒரே ஆர்வம் போற்றுகிறது. எமக்கு மூத்தவர் வழியே உவப்பாகின்றது.

உடன்படிக்கைக் காலம் முடியும் தறுவாயில், வைட் முதலிய பழைய நண்பர் தொடங்கிய ம்யூஸிக் மன் என்னும் கம்பெனியில் ஃபெண்டர் வெளிப்படையாகச் சேர்ந்து, 1975-இல் அதன் தலைவரானார். அங்கே செய்த ஒலிபெருக்கிகளில் முற்பகுதிக்கு டிரான்ஸிஸ்டரும் ஆற்றல் தரும் பிற்பகுதிக்கு வால்வும் அமைந்தன. புதியதை வெறுத்து ஒதுக்குபவர் அவரல்லர் என்பது இதனாற் பெறப்படும். கருத்து வேற்றுமையால் அங்கிருந்தும் விலகினார். 1979-இல் மனைவியார் எஸ்தர் காலமானார். அதனையொட்டிய நாட்களில் தம் பழைய துணைவர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து, ஜி அண்டு எல் என்னும் பெயரால் மூன்றாம் முறை கித்தார்த் தொழில் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபது. 1980-இல் ஃபில்லிஸ் என்னும் மாதரை மறுமணம் புரிந்தார்.

1985-இல் கொலம்பியா நிறுவனம், இருபது ஆண்டு வைத்திருந்த ஃபெண்டர் கம்பெனியை, அதில் வேலை செய்த சிலரடங்கிய கூட்டத்தாருக்கு 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கிய விலையினும் அது குறைவு. வாங்கியோர் செய்த முக்கியமான காரியங்களுள் ஒன்று, பழைய பாஸ்மன் பெட்டியைப் பழைய வரைபடத்தைத் தழுவி மீண்டும் வெளியிட்டமை. அதே மாகாணத்தில், தம் பெயர் இல்லாத தொழிற்சாலையில் ஃபெண்டர் தம் மேசைமுன் அமர்ந்து, அந்நாளில் இன்னும் காந்தச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தார்.

இறுதி ஆண்டுகளில் நடுக்குவாதம் அவரைப் பற்றிற்று. ஒற்றைக் கண்ணோடும் நடுங்கும் கையோடும் நாள்தோறும் பட்டறைக்கு வந்தார். 1991-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் காலமானார். அதற்கு முந்திய நாளும் வேலைக்கு வந்திருந்தார் என்று அங்கிருந்தோர் கூறினர். ஸாண்டா ஆனா என்னும் ஊரில் அடக்கஞ் செய்யப்பெற்றார். அவருடைய வேலையறையை அவர் விட்டுச்சென்றவாறே, கருவிகள் மேசைமீது கிடந்தபடி, அத்தொழிற்சாலையார் பல ஆண்டுகள் பூட்டிப் பேணி வைத்திருந்தனர். தொலைநாட்டிலிருந்து வந்த வாசிப்போர் பலர் அவ்வறைவாயிலில் நின்று பார்த்துச் சென்றனர்.